புகையிலையில் சத்துக் குறைவை அறியும் முறை

புகையிலையில் இலையே விளைபொருள். ஆதலின் பிற பயிர்களில் பொருட்படுத்தப்படாத சிறு நிறமாற்றமும் இதன் விலையைக் குறைத்துவிடும். ஆயினும் இலை வெளிறியவுடன் தழைச்சத்து இடுவது முறையன்று.

முதலில் நோக்கவேண்டியது, குறி தோன்றும் இடமாகும். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, மக்னீசியம் ஆகியவை போதாதபோது, செடி அவற்றை முதிர்ந்த இலைகளிலிருந்து எடுத்துக் குருத்துக்கு அனுப்புகிறது. எனவே குறி அடியிலைகளில் தோன்றும். சுண்ணாம்புச்சத்து, போரான், இரும்பு ஆகியவை எளிதில் இடம் பெயரா. அவற்றின் குறைவு குருத்திலேயே வெளிப்படும்.

அடியிலை வெளிறுவதிலும் வேறுபாடுகள் உண்டு. தழைச்சத்துக் குறைவில் நரம்பு உட்பட இலை முழுவதும் ஒரே சீராக மஞ்சளித்துக் காயும். சாம்பல்சத்துக் குறைவில் நுனியிலும் ஓரத்திலும் மஞ்சள் திட்டுகள் படர்ந்து, அவற்றினூடே பழுப்புப் புள்ளிகள் காணும். ஓரம் கீழ்நோக்கிச் சுருளும். மக்னீசியக் குறைவிலோ நரம்பிடைப் பகுதி ஏறக்குறைய வெண்மையாகிவிடும். நரம்புகள் நெடுநாள் பசுமை மாறா. பழுப்புப் புள்ளிகள் பெரும்பாலும் இரா. மணற்பாங்கான நிலத்தில் பெருமழைக்குப் பின் இது மிகுதி. மழைநீர் இச்சத்தைக் கரைத்து ஆழத்திற்குக் கொண்டுசெல்வதே காரணம். மணலில் மூழ்குதல் என்னும் பொருள்படும் பெயரால் அமெரிக்காவில் வழங்கிய இக்கேடு மக்னீசியக் குறைவால் விளைவது என்பதைக் கார்னர் குழுவினர் 1923-இல் வெளியிட்டனர். அமில நிலமாயின் டாலமைட் சுண்ணாம்பு இடுவது நன்று.

குருத்தில் கருகல் கண்டால், அது இலையின் நுனியிலா, அடியிலா என்று பார்த்தல் வேண்டும். நுனி கொக்கிபோல் கீழே வளைந்து கருகினால் சுண்ணாம்புச்சத்துக் குறைவு. அடிப்பாகம் முதலில் வெளிறிச் சிதைந்தால் போரான் குறைவு.

இளம் இலைகளில் கரும்பச்சையும் வெளிர்பச்சையும் விரவித் தோன்றுவது தேமல் நோயாக இருக்கக்கூடும். இது வைரஸால் வருவது, உரத்தால் தீராது. நோயுற்ற செடியைத் தொட்ட கையாலேயே பரவுமாதலால், கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் அடுத்த செடியைத் தொடலாகாது.

சூளையில் பதப்படுத்தும் வர்ஜீனியாப் புகையிலையில் அறுவடைக் காலத்தில் இலை வெளிறுவது முதிர்ச்சியே. அவ்வமயம் தழைச்சத்து இட்டால் முதிர்ச்சி தாமதப்படும். சூளையிலும் நல்ல மஞ்சள் நிறம் வாராது. சாம்பல்சத்துக் குறைவுக்குப் பொட்டாசியம் சல்பேட்டே ஏற்றது. குளோரைடு மிகுந்த இலை சரியாக எரியாது.