திரும்பி வரும் தண்ணீர்

கொல்லையில் வெண்டைக்கும் கத்தரிக்கும் விட ஜீவாமிர்தம் கரைக்கிறீர்கள். குடிநீர்க் குழாயில் ஹோஸை மாட்டி, மறுமுனையை டிரம்முக்குள் அமிழ்த்திவிட்டு வேறு வேலையாகப் போகிறீர்கள். அந்த நேரம் பார்த்து வரத்து நின்றுபோகிறது. தெருக்குழாய் காலியாகும்போது உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்துவிடும். டிரம்மின் மேல் அழுத்தும் காற்று, சாணிக் கரைசலை ஹோஸ் வழியாகத் தெருக்குழாய்க்குள் ஏற்றிவிடும். பக்கத்து வீட்டில் யாராவது குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சினால் சொல்லவே வேண்டாம். மறுபடி தண்ணீர் விடும்போது அந்த முதல் குடம் யார் வீட்டுக்கோ!

காரைக்காலை ஒட்டிய தருமபுரத்துக்காரர்களுக்கு, தண்ணீர் எதிர்த்திசையில் வருவது புதிய செய்தியல்ல. காவிரிக் கடைமடையில் ஆறு மெலிந்திருக்கும் நாட்களில், கடல் ஏறும்போது உப்புநீர் ஆற்றுக்குள் நுழையும். அதைத் தடுக்கத்தான் டெல்டாவின் கடைசிப் பகுதிகளில் ரெகுலேட்டர் ஷட்டர்கள். அரை அங்குலக் குழாயில் அதே காவலைச் செய்வது என்.ஆர்.வி. என்ற ஒருவழி வால்வு. உள்ளே சிறு கதவோ ஸ்பிரிங் வைத்த தட்டோ இருக்கும். முன்னால் போகும் நீர் அதைத் தள்ளித் திறக்கும், பின்னால் வரும் நீரே அதை அழுத்தி மூடும்.

இதை அலட்சியப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு 1933இன் சிகாகோ சாட்சி. உலகக் கண்காட்சி நடந்துகொண்டிருந்த நகரத்தில், விடுதிகளின் கோளாறான குழாய் இணைப்புகளால் கழிவுநீர் குடிநீரில் கலந்து, அமீபா சீதபேதி பரவி 98 பேர் இறந்தார்கள்.

புல்வெளிக்குத் தெளிப்பான் வைத்த வீடுகளில் இன்னொரு கருவியும் இருக்கலாம்: வாக்யூம் பிரேக்கர். இதில் ஒருவழி வால்வோடு, தலையில் ஒரு காற்றுவாசலும் உண்டு. அழுத்தம் இருக்கும்வரை நீர் ஒரு மிதவைத் தட்டை மேலே தள்ளி வாசலை அடைத்திருக்கும். அழுத்தம் விழுந்தால் தட்டும் விழும், காற்று உள்ளே புகும், உறிஞ்சல் அறுந்துவிடும்.

இந்தக் கருவி கசிந்தால் உடனே ஸ்பேனரைத் தேடாதீர்கள். எப்போது கசிகிறது என்று பாருங்கள். திறந்ததும் தலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் துப்பிவிட்டு நின்றால் அது இயல்பு. தட்டு மேலேறும் வரை கசியத்தான் செய்யும். ஓடும் நேரமெல்லாம் கசிந்தால் தட்டுக்கும் இருக்கைக்கும் நடுவே மணல் சிக்கியிருக்கலாம், ரப்பர் வளையம் நசுங்கியிருக்கலாம். இரண்டும் இல்லாவிட்டால் வரத்தில் தட்டைத் தூக்கும் அழுத்தமே இல்லை. நம் ஊர்களில் இந்தக் கடைசிக் காரணத்தைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். வரத்தை மூடிய பிறகும் தலை வழியாக வெகுநேரம் ஒழுகினால், வரத்து வால்வு சரியாக மூடவில்லை, அல்லது மேட்டிலிருக்கும் தோட்டத்து நீர் திரும்பி வருகிறது என்று அர்த்தம்.

சரிசெய்வது எளிது. வரத்தை மூடி, அழுத்தத்தை இறக்கி, மூடியைக் கழற்றித் தட்டைக் கழுவுங்கள். ரப்பர் வளையத்தில் கீறல் இருந்தால் மாற்றிவிடுங்கள், விலை ஒன்றும் பெரிதல்ல. கடலோரத்தில் உப்புக்காற்றும் போர் தண்ணீரின் காவிப் படிவும் சேர்ந்து ஸ்பிரிங்கைச் சீக்கிரமே இறுக்கிவிடும்.

போர் மோட்டாரின் உறிஞ்சு குழாயில் கசிவின் குணமே வேறு. மோட்டார் ஓடும்போது அங்கே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. ஓட்டை இருந்தாலும் ஒரு சொட்டு வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். தொட்டியில் விழும் நீர் குமிழியோடு விட்டுவிட்டு வந்தால் இணைப்புகளைச் சந்தேகியுங்கள். ஒவ்வொன்றிலும் சோப்பு நுரை தடவுங்கள். நுரை உள்ளே இழுபடும் இடம்தான் ஓட்டை. தினமும் காலையில் தண்ணீர் ஊற்றிக் கிளப்ப வேண்டியிருக்கிறதா? பிரைமிங் மூடியைத் திறந்து வாய்வரை நிரப்புங்கள். மட்டம் மளமளவென்று இறங்கி, மேலே எங்கும் ஈரம் இல்லையென்றால், பெரும்பாலும் குழாயின் அடியிலுள்ள ஒருவழி வால்வான ஃபுட் வால்வுதான் பிடிக்கவில்லை.

ஜீவாமிர்த டிரம்முக்கு இந்தக் கருவி எதுவும் தேவையில்லை. ஹோஸ் முனையை டிரம்மின் விளிம்புக்கு மேலே, குழாய் விட்டத்தைப்போல் இரு மடங்கு உயரத்தில் கட்டித் தொங்கவிட்டால் போதும். நடுவில் காற்று இருக்கும்வரை எந்த உறிஞ்சலும் எட்டாது.

புது ஒருவழி வால்வு மாட்டுகிறவர்கள் அதன் உடம்பில் வார்த்திருக்கும் அம்புக்குறியைப் பார்த்து மாட்ட வேண்டும். கதவு வைத்த ஸ்விங் வகையைப் படுக்கைக் குழாயிலோ, நீர் மேலேறும் குழாயிலோ போடலாம். நீர் கீழிறங்கும் குழாயில் போட்டால் கதவு தொங்கித் திறந்தே கிடக்கும்.