கல்லாவில் டீ கொட்டினால் கணக்கு என்னாகும்?

திருவண்ணாமலையில் பௌர்ணமி வந்துவிட்டால் நம் கடைகளுக்கு ஓய்வே கிடையாது. 14 கிலோமீட்டர் கிரிவலம் வரும் பக்தர்களுக்காக விடிய விடிய வியாபாரம் நடக்கிறது. கல்லாவில் இருப்பவருக்குத் தூக்கம் கலைய டீதான் துணை. அந்த டீ கிளாஸ் பில் போடும் கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே இருப்பதையும் பல கடைகளில் காண்கிறோம். கை பட்டுக் கவிழ்ந்தால் என்ன செய்வது என்பதை நாம் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

முதலில் கரண்டை நிறுத்த வேண்டும், துடைப்பதெல்லாம் பிறகுதான். சுவரில் உள்ள சுவிட்சை அணைத்தாலும் யு.பி.எஸ். பேட்டரியிலிருந்து கரண்ட் வந்துகொண்டே இருக்கும். அதையும் அணைக்க வேண்டும். ஈரக் கையால் எதையும் தொடக் கூடாது.

மேஜைக் கம்ப்யூட்டரில் கீபோர்டு மட்டும் நனைந்தால் பெரிய நஷ்டமில்லை. கணக்கு சி.பி.யு. பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும். வேறு கீபோர்டை மாட்டி வியாபாரத்தைத் தொடரலாம். லேப்டாப்பில் கீபோர்டுக்கு அடியிலேயே மதர்போர்டு இருப்பதால் ஆபத்து அதிகம். சார்ஜரை எடுத்துவிட்டு, பவர் பட்டனைச் சுமார் 10 விநாடி அழுத்திப் பிடித்து அணைத்து, திறந்தபடியே கவிழ்த்து வைக்க வேண்டும். "ஓடுகிறதா பார்ப்போம்" என்று மறுபடி ஆன் செய்யக் கூடாது. தண்ணீர் காய்ந்துவிடும், பாலும் சர்க்கரையும் பிசுக்காகப் படிந்து உள்ளே அரிக்கும். ஆகவே அன்றே மெக்கானிக்கிடம் கொடுத்து, கொட்டியது என்னவென்றும் சொல்லிவிட வேண்டும்.

ஆரணி அரிசி மூட்டை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதே என்று அதில் புதைத்து வைக்கவும் வேண்டாம். அரிசி உள்ளிருக்கும் ஈரத்தை இழுத்துவிடாது. அதன் தூசிதான் உள்ளே போகும். நனைந்த ஐபோனை அரிசிப் பையில் வைக்க வேண்டாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2024-ல் அறிவுறுத்தியது.

கம்ப்யூட்டர் போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம். யார் யார் எவ்வளவு பாக்கி, எந்தச் சரக்கு எவ்வளவு இருப்பு என்ற விவரம் போனால் எங்கே வாங்குவது? நாம் தாக்கல் செய்த ரிட்டர்ன் ஜி.எஸ்.டி. தளத்தில் இருக்கும், கடன் பேரேடு அங்கே இருக்காது. 2017-ல் அமலுக்கு வந்த ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-வது பிரிவுப்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். கம்ப்யூட்டரில் கணக்கு வைப்போர் அதற்கு நகல் வைத்திருக்க வேண்டும், விபத்தில் அழிந்தாலும் நியாயமான காலத்துக்குள் மீட்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று 57-வது விதி கூறுகிறது.

எனவே தினமும் கடை அடைக்குமுன் பென் டிரைவில் ஒரு நகல் எடுத்து, அதை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மாதம் ஒருமுறை அந்த நகலை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து சரிபார்க்க வேண்டும். டீ கிளாஸுக்குக் கல்லாவுக்குக் கீழே தனியாக ஒரு ஸ்டூல் போட்டுவிடலாம். அடுத்த பௌர்ணமிக்குள் வணிகப் பெருமக்கள் அனைவரும் இந்த ஏற்பாட்டைச் செய்துகொள்ளும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.