யோபுவின் கதை கேட்ட புனிதர்

சம்பாப் பயிர் கருகினால் உழவர் மனமும் கருகும் என்பதைக் காவிரிப் படுகையில் வாழும் நாம் அறிவோம். குமரி மாவட்ட நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளைக்கும் அதுவே நேர்ந்தது. திருவிதாங்கூர் அரண்மனைப் பணியாளரான அவர், கால்நடைகள் மடிந்து, விளைச்சல் பொய்த்தபோது மனம் உடைந்தார். அவருடைய கத்தோலிக்க நண்பரான படைத்தளபதி தெ லனாய், யோபுவின் வரலாற்றை எடுத்துச் சொன்னார். நேர்மையாளருக்கும் துன்பம் வரும். அது கடவுள் கைவிட்டதன் அடையாளம் அன்று என்பதே அந்நூல் தரும் ஆறுதல்.

1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, 'கடவுளின் உதவி' எனப் பொருள்படும் தேவசகாயம் என்ற பெயரை ஏற்றார். சாதி பாராது எல்லாரோடும் பழகினார், 1752-இல் மறைசாட்சியானார்.

நம் தெருவில் ஒருவர் சோர்ந்து ஒடுங்கியிருந்தால், அறிவுரைக்கு முன் அவர் அருகே அமர்வோம். மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். 14416 என்ற அரசின் இலவச எண்ணிலும் மனநல ஆலோசனை கிடைக்கும். இவையும் கடவுளின் உதவியே.