கேம் ஐடி திருடு போனால் பதிலடியா, புகாரா?

அத்தா வளைகுடாவில், அம்மா வீட்டில், அம்மாவின் செல்போன் மகன் கையில். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் நம் வீடுகள் பலவற்றின் நிலை இதுதான். பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் போன்ற கேம்களில் பிள்ளைகள் போடும் சண்டையைப் பற்றி நாம் கவலைப்படுகிறோம். அங்கே நடக்கும் திருட்டு பெரும்பாலும் நம் காதுக்கு வருவதே இல்லை.

"இலவச யூசி, இலவச டைமண்ட்" என்று ஒரு லிங்க் வரும். பையன் அதில் ஐடியும் பாஸ்வேர்டும் போடுவான். அடுத்த நிமிடம் அவனுடைய அக்கவுண்ட் வேறொருவன் கைக்குப் போய்விடும். காசு கொடுத்து வாங்கிய உடைகளும் துப்பாக்கித் தோற்றங்களும் அதோடு போய்விடும். வீட்டில் சொன்னால் அடி விழும் என்று பயந்து, "நாமும் அவன் ஐடியைத் தூக்குவோம்" என்று நண்பர்களோடு கிளம்புகிறான்.

இந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது? கேம்களே இதற்கு இடம் கொடுத்திருக்கின்றன. 1997ல் வந்த அல்டிமா ஆன்லைனில், அப்பாவி வீரர்களைத் தொடர்ந்து கொல்பவரின் பெயர் சிவப்பாக மாறிவிடும். சிவப்புப் பெயர்காரரை யார் கொன்றாலும் குற்றமில்லை. ஈவ் ஆன்லைனில் சட்டவிரோதமாகத் தாக்கப்பட்டவருக்கு, தாக்கியவரைத் திருப்பி அடிக்கும் உரிமையே தரப்படுகிறது. கவுண்டர் ஸ்ட்ரைக்கில் 2013 முதல் அனுபவமுள்ள வீரர்களே பதிவுகளைப் பார்த்து, ஏமாற்றியவர் யார் என்று தீர்ப்புச் சொன்னார்கள். கேமுக்குள் இதெல்லாம் நியாயம்தான். ஆட்டத்தில் ஒருவரைச் சுடுவதும் குற்றமல்ல, அது ஆட்டத்தின் விதி.

ஆனால் அக்கவுண்ட் திருட்டு ஆட்டத்துக்கு வெளியே நடப்பது. 2007ல் நெதர்லாந்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவனை இரண்டு பையன்கள் அடித்து மிரட்டி, ரூன்ஸ்கேப் கேமில் அவன் வைத்திருந்த தாயத்தையும் முகமூடியையும் பறித்தார்கள். கையில் பிடிக்க முடியாத பொருளைத் திருட முடியுமா என்று வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்தச் சிறுவன் செலவிட்ட நேரமும் உழைப்பும் அவற்றுக்கு மதிப்பைத் தந்தன, எனவே இது திருட்டே என்று 2012 ஜனவரியில் தீர்ப்பு வந்தது.

நம் நாட்டில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இருக்கிறது. அதன் 66சி பிரிவின்படி, அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால் 3 ஆண்டுகள் வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். பதிலுக்கு ஹேக் செய்பவனுக்கும் இதே சட்டம்தான். "அவன்தான் முதலில் செய்தான், நான் தற்காப்புக்குச் செய்தேன்" என்ற வாதம் இங்கே எடுபடாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 37வது பிரிவு, அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நேரம் இருக்கும்போது தற்காப்பு உரிமை கிடையாது என்கிறது. ஐடி போன பிறகு புகார் கொடுக்க நேரம் தாராளமாக இருக்கிறதே! பொருளைப் பறிகொடுத்த நம் பிள்ளை, பதிலடியில் இறங்கினால் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிற்க நேரிடும்.

கேமில் பேசும் பேச்சும் அப்படித்தான். யூடியூபர் 'பப்ஜி' மதன் 2021 ஜூனில் தருமபுரியில் கைது செய்யப்பட்டார். விளையாடிக்கொண்டே பெண்களை ஆபாசமாகப் பேசினார் என்பது புகார். பிறகு குண்டர் சட்டமும் பாய்ந்தது. ரசிகர்களுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்கலாம், போலீசாருக்கு அப்படி இல்லை.

ஐடி திருடு போனால் முதலில் கேமோடு இணைத்த ஜிமெயில், ஃபேஸ்புக் பாஸ்வேர்டை மாற்றுங்கள். வந்த லிங்க், மிரட்டல் செய்தி, காசு கட்டிய ரசீது, கேம் ஐடி எண் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பையன் பயத்தில் அழித்துவிட வாய்ப்புண்டு. கேம் நிறுவனத்துக்கும் எழுதுங்கள். வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்கு அழையுங்கள். மற்றவற்றுக்கு தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலோ, மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ புகார் கொடுக்கலாம். அத்தா ஊரில் இல்லையென்றால் அம்மாவே கொடுக்கலாம்.