சொந்தக் காலில் நிற்பது

"சொந்தக் கால்ல நிக்கணும்" என்று பிள்ளைகளிடம் சொல்லாத அப்பா அம்மா நம்ம ஊரில் கிடையாது. சம்பாதிக்கணும், யார் கையையும் எதிர்பார்க்கக் கூடாது, யார் தயவிலும் வாழக் கூடாது என்பதெல்லாம் அதற்குள் அடக்கம். கை கால் இயங்காத ஒருவரைப் பற்றிப் பத்திரிகையில் எழுதும்போதும் இதேதான் வேறு சொற்களில் வரும்: "யாருடைய உதவியும் இல்லாமல் தன் வேலைகளைத் தானே செய்துகொள்கிறார்." பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பாராட்டுக்குள் ஒரு அளவுகோல் ஒளிந்திருக்கு. சட்டைப் பொத்தானைத் தானே போட முடிந்தவர் சுதந்திரமானவர், போட முடியாதவர் வீட்டுக்குப் பாரம்.

இந்த அளவுகோலையே தூக்கிப்போட்ட சிலரைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. இடம் அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தின் பெர்க்லி. காலம் 1960களும் 70களும்.

எட் ராபர்ட்ஸ் 1939இல் பிறந்தவர். 1953இல், பதினாலு வயசில், இளம்பிள்ளை வாதம் வந்தது. போலியோ தடுப்பூசி பொதுப் பயன்பாட்டுக்கு வர இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. கழுத்துக்குக் கீழே ஒரு கையின் இரண்டு விரல்களும் சில கால் விரல்களும் மட்டும்தான் அசையும். மூச்சுவிட 'இரும்பு நுரையீரல்' தேவை. ஆளை உள்ளே படுக்கவைத்து, தலை மட்டும் வெளியே தெரியும்படி மூடி, உள்ளிருக்கும் காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து நெஞ்சை விரிய வைக்கும் பெரிய உருளை அது. பகலில் காற்றை வாயால் விழுங்கி விழுங்கி மூச்சுவிடும் ஒரு வித்தையைக் கற்றுக்கொண்டு சில மணி நேரம் வெளியே இருப்பார்.

இப்படிப்பட்டவர் வெறும் காய்கறி போலத்தான் கிடப்பார் என்று ஒரு மருத்துவர் அவருடைய அம்மாவிடம் சொன்னாராம். பிற்காலத்தில் ராபர்ட்ஸ் அதை நினைவுபடுத்தி, காய்கறி என்றால் நான் ஆர்ட்டிசோக்காக இருந்துவிட்டுப் போகிறேன், வெளியே முள், உள்ளே மென்மை என்று கிண்டலடிப்பார். பள்ளிப்படிப்பைப் பெரும்பாலும் தொலைபேசி வழியாகவே முடித்தார். கடைசியில் சான்றிதழ் தர மறுத்தார்கள். காரணம் என்ன தெரியுமா? உடற்பயிற்சியும் கார் ஓட்டும் பயிற்சியும் முடிக்கவில்லையாம்! அம்மா விடவில்லை, போராடி வாங்கினார். அதற்கப்புறம் மாநிலத்தின் மறுவாழ்வுத் துறையிடம் படிப்புக்கு உதவி கேட்டால், இவர் எந்த வேலைக்கும் லாயக்கில்லாத அளவுக்கு ஊனமுற்றவர், செலவு செய்து பயனில்லை என்றார்கள். இந்தத் துறையை ஞாபகம் வச்சுக்குங்க, திரும்ப வரும்.

1962இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. தங்க இடம் கிடைக்கவில்லை. 800 பவுண்டு எடையுள்ள அந்த இரும்பு உருளையை விடுதித் தளம் தாங்காது. கடைசியில் வளாகத்துக்குள் இருந்த கோவெல் மருத்துவமனையில் ஒரு அறை கொடுத்தார்கள். அவரோ நோயாளியாக இல்லை, மாணவராகத்தான் இருப்பேன் என்ற நிபந்தனையோடு போனார். அதே பல்கலைக்கழகத்தில் படித்த தம்பி கூடமாட உதவினார். அடுத்த வருஷம் இன்னொருவர் வந்தார். அறுபதுகளின் கடைசியில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள், எல்லாருமே கை கால் இயங்காதவர்கள். தங்களுக்கு 'ரோலிங் குவாட்ஸ்' என்று பேர் வைத்துக்கொண்டார்கள். உருண்டு திரியும் முடவர்கள் என்று நாமே நம்மைக் கேலியாகச் சொல்லிக்கொள்வது மாதிரி ஒரு பேர்.

அந்த மருத்துவமனைத் தளம் எனக்கு முக்கியமாகப் படுவதற்குக் காரணம் உண்டு. அதுவரை இவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் தனித்தனிப் பிரச்சினையாக இருந்தார்கள். ராத்திரி பேசிக்கொண்டிருக்கும்போதுதான் எல்லாருக்கும் ஒரே பிரச்சினை என்று தெரிகிறது. மறுவாழ்வுத் துறையின் ஆலோசகர் ஒருவர், மதிப்பெண் சரியில்லை என்று இரண்டு மாணவர்களை அங்கிருந்து வெளியேற்றப் பார்த்தார். மொத்தப் பேரும் எதிர்த்து நின்றார்கள், பத்திரிகைகளுக்குப் போனார்கள். கடைசியில் மாற்றலாகிப் போனது அந்த ஆலோசகர்தான்.

இடையில் ஒரு சின்னக் கதை. ராபர்ட்ஸுக்கு மின்சார வீல்சேரை ஓட்ட வராது என்று நிபுணர்கள் முன்னாடியே முடிவு கட்டியிருந்தார்கள். ஆனால் அவருக்குக் காதல் வந்துவிட்டது. காதலியோடு எங்கே போனாலும் நாற்காலியைத் தள்ள ஒரு உதவியாளர் பின்னாடியே நின்றால் எப்படி இருக்கும்? அவர் கை ஒரு பக்கமாகத்தான் இழுக்கும். கட்டுப்பாட்டுக் குச்சியை அதற்கேற்பத் திருப்பி மாட்டியதும் சீக்கிரமே ஓட்டக் கற்றுக்கொண்டார். நிபுணர்கள் கையைத்தான் அளந்திருந்தார்கள், அந்தக் கைக்கு என்ன வேணும் என்று யாரும் கேட்டிருக்கவில்லை.

1970இல் பல்கலைக்கழகத்துக்குள் தங்களுக்கான ஒரு சேவை அலுவலகத்தை அரசு நிதியோடு இவர்களே தொடங்கினார்கள். அதில் என்ன நடந்தது என்று பார்த்தால் சப்பென்று இருக்கும். வீல்சேர் பழுதுபார்ப்பது. படிக்கட்டில்லாத வீடு எங்கே வாடகைக்கு இருக்கு என்று விசாரித்துச் சொல்வது. உதவியாளராக வேலை செய்ய விருப்பமுள்ளவர்களின் பட்டியல் வைத்திருப்பது. புதுசாக வந்தவருக்கு, அதே நிலையில் ஏற்கெனவே வாழ்ந்து பார்த்தவர் யோசனை சொல்வது.

இதில் உதவியாளர் விஷயம்தான் சாவி. மருத்துவமனையில் உங்களைத் தூக்கி உட்கார வைப்பவர் மருத்துவமனையின் ஆள். எப்போ எழுப்பணும், எப்போ குளிப்பாட்டணும், எத்தனை மணிக்கு விளக்கை அணைக்கணும் என்பதெல்லாம் அவருடைய ஷிப்ட்டைப் பொறுத்தது. வீட்டில் என்றால் அம்மா. அவருக்கு முதுகு வலித்தால் இன்னிக்குக் குளியல் கிடையாது, கேட்கவும் மனசு வராது. பெர்க்லிக்காரர்கள் செய்தது வேறு. அரசு தரும் பராமரிப்புப் பணத்தில் ஆளைத் தாங்களே தேடி, தாங்களே பேசி, தாங்களே பழக்கி வேலைக்கு வைத்தார்கள். சரிப்படவில்லையென்றால் தாங்களே நிறுத்தினார்கள். செவிலியர் படிப்பெல்லாம் கேட்கவில்லை. என் உடம்பை எப்படித் தூக்கணும் என்று எனக்குத்தான் தெரியும், நான் சொல்லித் தருகிறேன் என்பது அவர்கள் கட்சி.

இந்தச் சிந்தனையை 1979இல் கெர்பன் டிஜாங் என்ற ஆய்வாளர் ஒரு கணக்காகவே போட்டுக் காட்டினார். ஒருவர் இன்னொருவர் உதவியோடு பதினைந்து நிமிஷத்தில் உடுத்திக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிறார். இன்னொருவர் இரண்டு மணி நேரம் போராடித் தானே உடுத்துகிறார், அப்புறம் களைத்துப்போய் வீட்டிலேயே கிடக்கிறார். இவர்களில் சுதந்திரமானவர் யார்? பழைய அளவுகோலில் இரண்டாமவர். டிஜாங் கணக்கில் முதலாமவர். யோசித்துப் பாருங்க, நம்மில் யார்தான் எல்லாத்தையும் தானே செய்கிறோம்? அமைச்சருக்குக் கார்க் கதவைத் திறக்க ஒரு ஆள், கோப்பைத் தூக்க ஒரு ஆள். அவரை யாரும் சொந்தக் காலில் நிற்கத் தெரியாதவர் என்று சொல்வதில்லை.

1972இல் இந்த முயற்சி வளாகத்தை விட்டு ஊருக்குள் வந்தது. மாணவர் அல்லாதவர்களுக்கும் சேர்த்து 'சென்டர் ஃபார் இண்டிபெண்டன்ட் லிவிங்' என்று ஒரு மையம். நடத்துபவர்களும் ஊனமுற்றவர்களே. கலிஃபோர்னியா ஆளுநர் ஜெர்ரி பிரவுன் 1975இல் எட் ராபர்ட்ஸை அழைத்து ஒரு துறைக்குத் தலைவராக்கினார். எந்தத் துறை? அதேதான், இவரை எந்த வேலைக்கும் லாயக்கில்லை என்று எழுதிய மறுவாழ்வுத் துறை.

இதையெல்லாம் சில கெட்டிக்காரர்களின் தன்னம்பிக்கைக் கதையாகப் படித்துவிட்டுப் போக முடியும். அப்படிப் படித்தால் பாதிதான் கிடைக்கும். மீதி 1977இல் இருக்கு.

அமெரிக்காவில் 1973இல் வந்த மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆவது பிரிவு, மத்திய அரசின் நிதி பெறும் எந்த இடமும் ஊனத்தைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கக் கூடாது என்றது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து எல்லாம் அதில் வரும். ஆனால் அதை நடைமுறைப்படுத்தும் விதிகளில் நாலு வருஷமாக யாரும் கையெழுத்துப் போடவில்லை. 1977 ஏப்ரல் 5ஆம் தேதி பல ஊர்களில் மத்திய அரசின் சுகாதார, கல்வி, நலத்துறை அலுவலகங்களுக்குள் ஊனமுற்றவர்கள் புகுந்து உட்கார்ந்தார்கள். வாஷிங்டனில் உள்ளே சாப்பாடு போக விடவில்லை. அங்கே போராட்டம் ஒரு நாளைக்குக் கொஞ்சம் மேலேதான் தாங்கியது. சான் பிரான்சிஸ்கோவில் சுமார் 150 பேர் மூன்று வாரத்துக்கும் மேல் இருந்தார்கள்.

எப்படி முடிந்தது? கழுத்துக்குக் கீழே அசையாதவர்கள், இரவில் திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் புண் வருகிறவர்கள், வேளைக்கு மருந்து எடுத்தாக வேண்டியவர்கள் ஒரு அலுவலகத் தரையில் இத்தனை நாள்! தொலைபேசியைத் துண்டித்தார்கள். காது கேளாதவர்கள் ஜன்னல் வழியே வெளியே நின்றவர்களிடம் சைகை மொழியில் சேதி சொன்னார்கள். மருந்தைக் குளிர்ச்சியாக வைக்க, ஏசியின் முன்னால் ஒரு பெட்டியை ஒட்டிக் குளிர்பதனப் பெட்டியாக்கினார்கள். கை இருந்தவர் கை இல்லாதவருக்கு ஊட்டினார், கண் தெரிந்தவர் தெரியாதவருக்குப் படித்துச் சொன்னார். சூடான சாப்பாடு தினமும் வெளியிலிருந்து வந்தது. கொண்டுவந்தவர்கள் பிளாக் பேந்தர் கட்சிக்காரர்கள், கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய, அரசின் கண்ணில் விரலை விட்டு ஆட்டிய அதே கட்சி.

அவர்களுக்கு இங்கே என்ன வேலை? உள்ளே இருந்தவர்களில் பிராட் லோமாக்ஸ் என்ற பேந்தரும் ஒருவர். நரம்பைத் தாக்கும் மல்ட்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் நோயால் வீல்சேரில் இருந்தவர். அவருக்கு உதவியாளராக சக் ஜாக்சன் என்ற இன்னொரு பேந்தர் உள்ளே இருந்தார், லோமாக்ஸுக்கு மட்டுமில்லாமல் மற்றவர்களுக்கும் உதவினார். இதற்குச் சில வருஷம் முன்னாலேயே லோமாக்ஸ் பெர்க்லி மையத்தை அணுகி, கறுப்பின மக்கள் வாழும் கிழக்கு ஓக்லண்டிலும் அதைப் போல ஒன்று வேணும் என்று கேட்டு வேலை தொடங்கியிருந்தார். ஆக அந்தச் சாப்பாடு திடீரென்று பொங்கிய இரக்கத்தில் வந்ததில்லை, ஏற்கெனவே போட்டுவைத்த பாதையில் வந்தது. ஏப்ரல் 28 அன்று அமைச்சர் கையெழுத்திட்டார். 30ஆம் தேதி எல்லாரும் வெளியே வந்தார்கள்.

என்ன வேணும், எத்தனை நாள் இருப்பது, எப்போ எழுவது என்று முடிவெடுத்தவர்கள் உள்ளே இருந்தவர்கள். சமைத்தவர்கள் யாரும் அதில் வாக்குக் கேட்கவில்லை. உதவிக்கும் அதிகாரத்துக்கும் நடுவில் ஒரு கோடு போட முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இந்த ஏற்பாட்டின் இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். உதவியாளர் வேலை காலம் காலமாகக் குறைந்த கூலி வேலை, செய்பவர்களில் பெரும்பாலோர் ஏழைப் பெண்கள். ஒருவரின் சுதந்திரம் இன்னொருவரின் அரைக்கூலியில் நிற்கக் கூடாது இல்லையா? கலிஃபோர்னியாவில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஆளைத் தேர்வதும் நிறுத்துவதும் ஊனமுற்றவர் கையில், சம்பளப் பேச்சு பொது அமைப்போடு. 1999இல் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் மட்டும் 74,000 வீட்டு உதவியாளர்கள் தொழிற்சங்கத்துக்குள் வந்தார்கள். ஆளே மாறிக்கொண்டிருந்தால் யாருக்கும் லாபமில்லை என்பது இரண்டு தரப்புக்கும் தெரிந்திருந்தது.

பெர்க்லிக்காரர்கள் உடம்பால் முடியாதவர்கள், மூளையால் முடிவெடுப்பதில் அவர்களுக்குச் சிக்கலே இல்லை. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு இது எப்படிப் பொருந்தும் என்ற கேள்வி வரும், வரணும். இதற்கான பதிலில் ஒரு பகுதி கனடாவிலிருந்து வந்தது. டொரண்டோவில் ஜூடித் ஸ்னோ என்பவரை மருத்துவ இல்லத்திலிருந்து மீட்க நண்பர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். அவரும் உடல் இயங்காதவர்தான். ஆனால் 'ஆதரவு வட்டம்' என்ற அந்த ஏற்பாடு பின்னால் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் பரவியது. ஒருவர் என்ன விரும்புகிறார் என்பதை அவரை நன்றாகத் தெரிந்த நாலைந்து பேர் சேர்ந்து கூர்ந்து கேட்பது, அவருக்குப் புரியும்படி விஷயத்தை உடைத்துச் சொல்வது, முடிவை அவர் வாயிலிருந்தோ முகத்திலிருந்தோ வாங்குவது. ஒரே ஒருவர் மட்டும் 'எனக்குத்தான் இவனைத் தெரியும்' என்று சொல்ல முடியாதபடி பல பேர் இருப்பதுதான் அதன் சூட்சுமம்.

நம்ம பக்கம் வருவோம். 2006இல் ஐ.நா. நிறைவேற்றிய ஊனமுற்றோர் உரிமை உடன்படிக்கையில் இந்தச் சிந்தனை எல்லாமே இருக்கு. இந்தியா 2007இல் அதை ஏற்றது, அதன்படி 2016இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. அதன் 5ஆவது பிரிவு, ஊனமுற்றவருக்குச் சமூகத்தில் வாழும் உரிமை உண்டு, இன்ன இடத்தில்தான் தங்கணும் என்று அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. தனிப்பட்ட உதவியாளர் பற்றியும் பேசுகிறது. 13ஆவது பிரிவு இன்னும் சுவாரசியம். ஆதரவு தருபவர் தேவையற்ற செல்வாக்கைச் செலுத்தக் கூடாது. சொத்து, பண விஷயத்தில் அவருடைய நலனும் ஊனமுற்றவரின் நலனும் மோதினால், அந்த விவகாரத்திலிருந்து அவர் ஒதுங்கிக்கொள்ளணும். ஊனமுற்றவர் தன் ஆதரவு ஏற்பாட்டை மாற்றலாம், கலைத்தே விடலாம்.

கலைக்கலாம் என்ற அந்த ஒரு சொல்லில் பெர்க்லி முழுசும் இருக்கு. ஆனால் தமிழ்நாட்டில் ஒரு வீட்டில் அதை வைத்துப் பாருங்க. முப்பது வயசு மகனைத் தூக்கிக் குளிப்பாட்டுவது அம்மா. மாற்று ஆள் கிடையாது. அம்மாவை எப்படி வேலையிலிருந்து நிறுத்துவது? "இந்தச் சட்டை வேணாம்மா" என்று சொல்லவே தயங்குகிறவன், நான் வேறு ஊரில் இருந்து பார்க்கிறேன் என்று எப்படிச் சொல்வான்? அந்த அம்மாவுக்கு ராத்திரி தூக்கம் வராமல் செய்யும் கேள்வி வேறு: எனக்கு அப்புறம் இவனுக்கு யார்? இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பாசம் குறைந்ததால் வந்த சிக்கல் இல்லை இது, கூலி கொடுத்து ஒரு மூன்றாவது ஆளை வைக்க வழியில்லாததால் வந்தது.

கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தமிழ்நாடு அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகையை 2023இல் மாதம் 2,000 ரூபாயாக உயர்த்தினார்கள். வேறு பல மாநிலங்களோடு ஒப்பிட்டால் நல்ல தொகை, மறுக்கவில்லை. ஒரு நாளைக்கு 66 ரூபாய் சொச்சம். காலையில் ஒருத்தர் வந்து அவனைத் தூக்கி உட்கார வைத்து, பல் தேய்த்து, குளிப்பாட்டி, சட்டை மாட்டிவிட இரண்டு மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். இந்தக் காசுக்கு எந்த ஊரில் ஆள் கிடைக்கும் என்று உங்கள் தெருவில் விசாரித்துப் பாருங்கள்.