கராஜில் ஒரு நீலத்தொட்டி

முதல் துணி பாழ். அரிசி மாவைக் கரைத்து, ஸ்கிரீன் வழியாக மாங்காய் அச்சுப் போட்டு, இண்டிகோ தொட்டியில் முக்கினோம். பசை இருந்த இடம் வெள்ளையாக நிற்க வேண்டும். வெளியே எடுத்தால் மாங்காயைக் காணோம், துணி முழுக்க நீலம். என் ஒன்பது வயது மகளின் முகம் தொங்கிப்போச்சு.

ஊரிலிருந்து வந்திருந்த அம்மா பார்த்துவிட்டு, "பச்சரிசி மாவு காஞ்சா உதிரும்டி. ஒட்டுற மாவா வாங்கு" என்றார்.

டொமினியன் ரோட்டுச் சீனக் கடையில் பசை அரிசி மாவு கிடைத்தது. ஜப்பானில் இதற்கு அதுதான். தவிடு சேர்த்துப் பிசைந்து, ஆவியில் வேகவைத்து, உப்பும் சுண்ணாம்பும் கலப்பார்கள். கொழுக்கட்டை செய்யத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. வெற்றிலைக்குப் போடும் அதே சுண்ணாம்புதான், ஆனாலும் கையுறை போடுங்கள், பிள்ளைகள் கண்ணில் படாமல் பாருங்கள்.

ஸ்கிரீன் வலை நெருக்கமாக இருந்தால் பசை இறங்காது. பெரிய கண் வலை வேண்டும். பிறகு நன்றாகக் காய வேண்டும். ஆக்லாந்து மழையில் எங்கே காய்வது? ஹாட் வாட்டர் கபோர்டில் ஒரு நாள் வைத்தோம்.

தொட்டிக்கு இண்டிகோ பொடி 1 பங்கு, சுண்ணாம்பு 2, ஃப்ரக்டோஸ் 3, வெந்நீர். இண்டிகோ தண்ணீரில் தானாகக் கரையாது, மற்ற இரண்டும் சேர்ந்துதான் கரைக்கும். தண்ணீர் மஞ்சள் பச்சையானால் தயார். துணியை ஊறவிட்டால் பசை இளகிவிடும். சும்மா ஒரு நிமிஷம் முக்கி, காற்றில் பிடியுங்கள். பச்சைத் துணி கண்ணெதிரே நீலமாகும்.

"இந்தச் செடிக்குத் தமிழ்ல என்னம்மா?" என்றாள் மகள். இங்கேயே வளர்ந்த எனக்குத் தெரியவில்லை.

"அவுரி. திண்டிவனம் பக்கம் வயல்ல போடுவாங்க. தலைக்குக்கூடப் பூசுவோம்" என்றார் அம்மா.

அன்றிரவு தேடிப் படித்தேன். 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் தேன்மெழுகால் மறைத்து அவுரியில் முக்கிய துணிகள் ஐரோப்பாவுக்குக் கப்பலேறின. அந்தக் கரையை ஐரோப்பியர்கள் கோரமண்டல் என்றார்கள். அந்தப் பெயர் வைத்த ஒரு கப்பல் 1820இல் இங்கே மரம் ஏற்ற வந்ததால்தான் நம் கோரமண்டல் தீபகற்பத்துக்கு அந்தப் பெயர். வருஷா வருஷம் அங்கே கூடாரம் போடுகிறோம், எனக்கு இது தெரியாது.

இரண்டாவது துணியை ஊறவைத்து அலசினோம். ஒரு மாங்காய்க்கு மட்டும் வால் இல்லை, மற்றதெல்லாம் பளிச்சென்று வெள்ளை.

அடுத்ததற்கு மாங்காய் வேண்டாமாம். 'அவுரி' என்று எழுதி அச்சு வெட்டுகிறாள். "சின்ன ரியா, பெரிய றியாம்மா?" என்றாள். நான் அம்மாவைப் பார்த்தேன்.