பிரான்ஸில் வங்கிக் கணக்கு... 'முடியாது' என்றால் என்ன செய்வது?

வில்லியனூர், பாகூர் பக்கம் பிரான்ஸில் சொந்தபந்தம் உள்ள குடும்பங்கள் உண்டு. 1962 ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தவர்களின் வாரிசுகள் இன்றும் அங்கே குடியேறுகிறார்கள். போனதும் முதல் தலைவலி, வங்கிக் கணக்கு. சம்பளம், அரசு உதவித்தொகை எதுவானாலும் 'ரிப்' எனும் கணக்கு விவரத்தாளைத்தான் கேட்பார்கள்.

பாஸ்போர்ட்டோடு முகவரிச் சான்றும் வேண்டும். சித்தப்பா வீட்டில் தங்கியிருப்பவர் பெயரில் கரன்ட் பில் ஏது? 'என் வீட்டில்தான் இருக்கிறார்' என்று சித்தப்பா கையெழுத்திட்ட கடிதம், அவருடைய அடையாள அட்டை நகல், அவர் பெயரிலுள்ள பில் ஆகிய மூன்றையும் கொடுக்கலாம்.

அப்படியும் வங்கி மறுத்தால் சோர்ந்துவிட வேண்டாம். மறுப்பை எழுத்தில் வாங்கிக்கொண்டு, மத்திய வங்கியான 'பாங்க் து பிரான்ஸ்'இடம் விண்ணப்பிக்கலாம். கட்டணம் இல்லை. பிரான்ஸில் வேறு கணக்கு இல்லாமல், ஆவணங்களும் முழுமையாக இருந்தால், ஒரே வேலை நாளில் ஒரு வங்கியை அதுவே நியமிக்கும். அடிப்படைச் சேவைகளுக்கு அந்த வங்கி பணம் வாங்கக் கூடாது. 'கணக்குக்கான உரிமை' என்றே சட்டத்தில் இதற்குப் பெயர்.

இந்திய பாஸ்போர்ட்டில் வேலைக்குப் போனவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஊரிலுள்ள சேமிப்புக் கணக்கை மறக்காமல் என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிவிட வேண்டும்.